“வசனம் எங்கம்மா இருக்கு?” - ஒரே வீட்டில் இரண்டு பைபிள்!

மாமியார் இறந்து பன்னிரண்டாவது நாள். சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நாசரேத்தில் இருக்கும் அந்த வீடு முதல் முறையாக அமைதியாக இருந்தது. சாப்பாடு முடிந்ததும் மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

“மாமா, முப்பதாம் நாளுக்குத் தூத்துக்குடியில அத்தைக்காக ஒரு பூசை வைக்கட்டுமா?”

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். கோபப்படவில்லை. யார் எதைச் சொன்னாலும் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைத்தான் அன்றும் கேட்டார்.

“செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணணும்னு வசனம் எங்கம்மா இருக்கு?”

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். தன் விவிலியத்தில் அடையாளத்துக்குப் பேப்பர் வைத்துத் தயாராகத்தான் வந்திருந்தாள். மக்கபேயர் இரண்டாம் நூல், 12-ம் அதிகாரம். போரில் இறந்துபோன வீரர்களின் பாவத்துக்காக யூதா மக்கபே பணம் திரட்டி, பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லி எருசலேமுக்கு அனுப்பிவைக்கும் இடம். வாசித்துக் காட்டினாள்.

அவர் தன்னுடைய வேதாகமத்தை எடுத்தார். பழைய ஏற்பாட்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். மல்கியா முடிந்தது. அடுத்து ஒரு வெற்றுப் பக்கம். அதற்கடுத்து மத்தேயு.

“இந்தப் புத்தகமே எங்கள்ட்ட இல்லையேம்மா.”

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாரும் கிறிஸ்தவர்கள், எல்லார் கையிலும் ஒரே பைபிள். உள்ளே வந்து பார்த்தால்தான் கணக்கு இடிக்கும். சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த மாமனாரின் வேதாகமத்தில் 66 புத்தகங்கள். ஆர்.சி. மருமகளின் விவிலியத்தில் 73. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள் என்று ஏழு புத்தகங்கள் அதிகம். எஸ்தர், தானியேல் புத்தகங்களிலும் சில பகுதிகள் கூடுதலாக இருக்கும்.

கல்யாணமாகி எட்டு வருடங்களில் இந்த ஏழு புத்தகங்கள் வீட்டில் பேச்சாகவே வந்ததில்லை. அதுவரை வந்ததெல்லாம் வார்த்தைச் சண்டைகள்தான். அவர் ‘கர்த்தர்’ என்றால் அவள் ‘ஆண்டவர்’ என்பாள். அவருக்குச் சங்கீதம், அவளுக்குத் திருப்பாடல். அவருக்கு யாத்திராகமம், அவளுக்கு விடுதலைப் பயணம். அவர் ஊரில் குருவானவர் ‘ஐயர்’, அவள் ஊரில் ‘ஃபாதர்’. புதிதாகக் கல்யாணமாகி வந்தபோது, “ஐயர் சாயங்காலம் வீட்டுக்கு வாராரு” என்று மாமியார் சொன்னதைக் கேட்டு, எதற்கு என்று புரியாமல் அவள் விழித்தது இன்றைக்கும் அந்த வீட்டில் ஒரு ஜோக். கணவரைக் கேட்டால் என்ன சொல்வார்? இந்த மாதிரி நேரங்களில் அவருக்கு மோட்டார் போட வேண்டிய வேலை வந்துவிடும்.

ஒரே ஒரு முறை விஷயம் கொஞ்சம் பெரிதானது. பேத்தி கட்டளைகளை மனப்பாடமாக ஒப்பித்தாள். பெற்றோரை மதிப்பது நான்காவது கட்டளை என்றாள். தாத்தா, “அஞ்சாவதுளா” என்று திருத்தினார். “அம்மா நாலுன்னுதான் சொல்லிக்கொடுத்தா” என்று குழந்தை அழ ஆரம்பிக்க, இருவரும் ஆளுக்கொரு பைபிளோடு உட்கார்ந்தார்கள். யாத்திராகமம் 20-ம் அதிகாரம்.

அங்கே அவருக்கு ஓர் ஆச்சரியம். சிலைகளைச் செய்து வணங்கக் கூடாது என்ற கட்டளையை ஆர்.சி.க்காரர்கள் பைபிளிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர் அவர். மருமகளின் விவிலியத்தில் அது அப்படியே இருந்தது. கத்தோலிக்கர்கள் அதை முதல் கட்டளையோடு சேர்த்து எண்ணுகிறார்கள், கடைசியில் வரும் ஆசை பற்றிய கட்டளையை இரண்டாகப் பிரித்துப் பத்தாக்குகிறார்கள். அவ்வளவுதான். லூத்தரன் சபையாரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். பத்துக் கட்டளைகள் என்று வேதம் சொல்கிறது. ஆனால் எது ஒன்று, எது இரண்டு என்று அந்த அதிகாரத்தில் எங்கேயும் நம்பர் போடவில்லை. நம்பர் போட்டது பிற்பாடு வந்தவர்கள்.

“அப்ப ரெண்டும் சரிதாம்ளா” என்று பேத்தியைத் தூக்கிக்கொண்டார். அது குழந்தை விஷயம், சிரித்தபடி முடிந்துவிட்டது. மனைவிக்கான பூசை அப்படி முடியவில்லை.

அவர் மனதில் இருந்ததை அலட்சியமாகத் தள்ள முடியாது. மனைவி ஆண்டவரிடம் போய்விட்டாள், இளைப்பாறுகிறாள் என்பது அவருடைய நம்பிக்கை. அவளுக்காக இனி மன்றாடினால், ‘அவள் இன்னும் போய்ச் சேரவில்லையோ’ என்று தானே சந்தேகப்படுவதுபோல் ஆகாதா? முப்பதாம் நாள் அவர் வைக்க நினைத்திருந்தது நினைவு ஸ்தோத்திரக் கூட்டம். மனைவியின் வாழ்க்கைக்காக நன்றி சொல்வது. நன்றி சொல்லலாம், மன்றாடக் கூடாது. வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். அவருக்கு அது வாழ்நாள் நம்பிக்கை.

மருமகளுக்கோ, கேன்சர் வார்டில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான்கு மாதங்கள் இருந்தன. பனிமய மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவள். இறந்தவர்களுக்கு ஒன்றுமே செய்யாமல் இருப்பது அவளுக்கு அவர்களைத் தெருவில் விட்டுவிட்டு வருவது மாதிரி.

மாமனார் தன் ஐயரிடம் போய்க் கேட்டார், அந்த ஏழு புத்தகங்கள் ஏன் நம்மிடம் இல்லை என்று. அவர் எதிர்பார்த்தது ஒரு வரிப் பதில். கிடைத்தது ஒரு மணி நேரப் பாடம்.

இயேசுவின் காலத்துக்கு முன்பே யூதர்களின் வேதம் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. ஆதித் திருச்சபை பெரும்பாலும் வாசித்தது அந்தக் கிரேக்க வேதத்தைத்தான். இந்த நூல்கள் அதன் வழியாக வந்தவை. எபிரேய வேதத்தில் இவை இல்லை. லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமே, இவற்றைப் படிக்கலாம், ஆனால் கோட்பாட்டுக்கு ஆதாரமாக எடுக்கக் கூடாது என்ற கருத்துக்காரர். அகுஸ்தீன் இவற்றை வேதமாகவே ஏற்றார். மார்ட்டின் லூத்தர் 1534-ல் வெளியிட்ட ஜெர்மன் பைபிளில் இவற்றைத் தூக்கி எறியவில்லை, தனிப் பகுதியாக வைத்தார். 1546-ல் திரெந்து சங்கம் இவை வேதமே என்று கத்தோலிக்கர்களுக்கு உறுதிப்படுத்தியது.

அடுத்து ஐயர் சொன்னதுதான் மாமனாரைத் தூக்கிப் போட்டது. நாசரேத் சபை ஆங்கிலிகன் மிஷனரிகள் வளர்த்த சபை. அந்த ஆங்கிலிகன் சபையின் 39 விதிகளில் ஆறாவது விதி, ஜெரோம் சொன்னதையே சொல்கிறது. நல்வாழ்க்கைக்காக இந்த நூல்களை வாசிக்கலாம், கோட்பாட்டை இவற்றின் மேல் கட்டக் கூடாது. 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலேயே இவை இருந்தன. 1826-ல் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் இவற்றை அச்சிடப் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான், கைக்கு வந்த பைபிள்களில் இவை அநேகமாகக் காணாமல் போயின.

தமிழில் கதை இன்னும் சுவாரஸ்யம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு விட்டுச்சென்ற பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. லூத்தரன் மிஷனரியான அவர், 1728-ல் இந்த நூல்களையும் சேர்த்தே தமிழில் அச்சிட்டார். அதே காலகட்டத்தில் வீரமாமுனிவர் தரங்கம்பாடிக்காரர்களுக்கு மறுப்பாக ‘வேத விளக்கம்’ எழுதிக்கொண்டிருந்தார். மாமனாரும் மருமகளும் சாப்பாட்டு மேஜையில் போட்ட சண்டைக்குத் தமிழில் வயது முந்நூறு!

“சரிம்மா. வாசிக்கலாம்னு எங்க ஆளுகளே சொல்லிருக்காங்க. குடு” என்று மருமகளின் விவிலியத்தை வாங்கினார்.

வருடத்துக்கு ஒரு முறை முழு வேதாகமத்தையும் முடிக்கும் மனிதர் அவர். தினம் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து. 1,189 அதிகாரங்களும் அத்துப்படி. மக்கபேயரை இரண்டே நாளில் முடித்துவிட்டு வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை.

“நீ காட்டுன இடத்துக்குச் சரியா மூணு வசனம் முந்தி என்ன போட்டுருக்குன்னு பாத்தியா? அந்த வீரர்கள் உடுப்புக்குள்ள சிலைத் தாயத்து வெச்சிருந்தாங்க. அதனாலதான் செத்தாங்கன்னு போட்டுருக்கு. சிலை வழிபாடு உங்க கணக்குல சாவான பாவம்லா? சாவான பாவத்தோட செத்தவனுக்கு ஜெபம் பண்ணிப் பலன் இல்லன்னு நீங்கதான சொல்லுதீங்க?”

அவளிடம் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த அதிகாரத்தில் அவள் வாசித்தது அந்தக் கடைசி நான்கு வசனங்கள் மட்டும்தான். ஞாயிறு பூசையில் வாசிப்பதைக் கேட்பது, மாலையில் ஜெபமாலை. அவள் வேதம் கற்றது அப்படித்தான். பொதுநிலையினர் எல்லாரும் வேதத்தை வாசிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே வற்புறுத்தியிருந்தாலும், அவள் வீட்டில் பைபிள் அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது, கையில் அல்ல. தூத்துக்குடி ஃபாதருக்கு போன் செய்தாள். அவர்கள் அதை அறியாமல் செய்திருக்கலாம், கடைசி நொடியில் மனம் வருந்தியிருக்கலாம், அதனால்தான் யூதா நம்பிக்கையோடு பலி அனுப்பினார் என்றார் ஃபாதர். மாமனார் கேட்டுவிட்டு, “இருக்கலாம்” என்றார். ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை.

இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தார். அந்த நூலின் கடைசியில், எழுதியவர் ‘சரியாக எழுதவில்லை என்றால் என்னால் முடிந்தது இவ்வளவுதான்’ என்ற பொருளில் முடிக்கிறார். “தேவ ஆவி ஏவி எழுதுனா இப்பிடி மன்னிப்புக் கேப்பாரா?” என்று சிரித்தார்.

அன்று இரவு முதல் அவளும் வாசிக்க ஆரம்பித்தாள். நான்கு நாள் கழித்துப் பதில் கொண்டுவந்தாள். ஒன்று கொரிந்தியர், முதல் அதிகாரம். யார் யாருக்குத் திருமுழுக்குக் கொடுத்தேன் என்று பவுல் பெயர் சொல்லிக்கொண்டே வருகிறார். பிறகு ஸ்தேவான் வீட்டாரும் ஞாபகத்துக்கு வருகிறார்கள். வேறு யாருக்காவது கொடுத்தேனா என்று தெரியவில்லை என்கிறார்.

“மறந்துபோச்சுன்னு பவுலே எழுதிருக்காரே மாமா. அது வேதம்தான?”

மாமனாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோற்ற முகமே இல்லை. நல்ல மாணவி கிடைத்த வாத்தியாரின் முகம்.

இந்த நேரத்தில்தான் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் மருமகன் முறைப் பையன் ஒருவன் துக்கம் விசாரிக்க வந்தான். பேச்சு பேச்சாக, “மாமா, நீங்க வசனம் வசனம்னு கேக்கீங்க. பச்சப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லி எங்க இருக்கு?” என்றான். மாமனார் விடவில்லை. ஸ்தேவான் வீட்டார் என்றால் வீட்டில் குழந்தைகளும் இருந்திருக்கும் என்றார். அவன் “இருந்திருக்கும்னு நீங்க சொல்லுதீங்க, வசனம் சொல்லல” என்றான். “ஆதிச் சபையிலருந்து பண்ணிட்டு வாராங்கடே, அவங்களுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிரும்?” என்று குரலை உயர்த்தினார்.

சொல்லி முடித்ததும் மருமகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். சபை தொடக்கத்திலிருந்தே செய்துவருகிறது என்பது எட்டு வருடமாக அவள் சொல்லிவந்த வாதம்.

இது அவள் பக்கம் வெற்றி என்று யாராவது நினைத்தால், அது அவசரம். மனித மரபைப் பிடித்துக்கொண்டு தேவனுடைய கட்டளையை விடுகிறவர்களை இயேசு கண்டிக்கும் மாற்கு ஏழாம் அதிகாரத்தை அவர் மறுநாள் காலையிலேயே எடுத்து வைத்தார். மரபு சொல்வதையும் எதை வைத்தாவது அளந்து பார்க்க வேண்டும், அந்த அளவுகோல் வேதம்தான் என்பதில் அவர் இம்மியும் நகரவில்லை. அந்த அளவுகோலில் எத்தனை புத்தகம் என்று சொன்னதே சபைதானே என்பதில் அவளும் நகரவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் இரவு, குடும்ப ஜெபம். பல வருடங்களாக அவர் ஜெபத்தில் பெயர்கள் ஒரே வரிசையில் வரும். மகன், மருமகள், பேத்தி, வெளியூரில் இருக்கும் மகள், கடைசியில் மனைவி. அன்றும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், மனைவியின் பெயரையும் சொல்லி, “அவளையும் காத்துக்கொள்ளும்” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நின்றார். ஃபேன் ஓடும் சத்தம் மட்டும். பேத்தி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆமென்” என்றார்.

யாரும் எதுவும் கேட்கவில்லை.

முப்பதாம் நாள் காலை தூத்துக்குடியில் பூசை, மாலை நாசரேத்தில் ஸ்தோத்திரக் கூட்டம் என்று முடிவானது. பூசைக்கு அவரும் வந்தார். கடைசிப் பெஞ்ச். முதல் வாசகம் அதே மக்கபேயர். பதிலுரைப் பாடலாக 23-ம் சங்கீதம் வந்தபோது, கோயில் முழுக்க ‘ஆண்டவர்’ என்று பாட, அவர் உதடு மட்டும் ‘கர்த்தர்’ என்று அசைந்தது. நற்கருணை நேரத்தில் எழுந்து போகவில்லை. நாசரேத் கோயிலில் திருவிருந்து நேரத்தில் அவளும் இப்படித்தான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். எட்டு வருடமாக அவள் உட்கார்ந்திருந்தது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்று திரும்பி வரும்போது காரில் சொன்னார். அதற்குமேல் பேசவில்லை.

பூசைக் கருத்துக்குப் பெயர் எழுதிக் கொடுத்ததும் அவர்தான். மருமகள் எழுதியதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்ததாம்.

இறந்தவர்களுக்காக மன்றாட வேண்டும் என்பதை அவர் இப்போதும் ஏற்கவில்லை. மருமகளின் விவிலியம் மட்டும் இன்னும் அவர் மேஜையில்தான் இருக்கிறது. தோபித்து முடிந்து, இப்போது சீராக் நடக்கிறது. தன்னுடைய வேதாகமத்தில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பேனாவில் கோடு போட்டு வைத்திருப்பவர், போன வாரம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, சீராக்குல நல்ல நல்ல புத்தியெல்லாம் சொல்லிருக்கான். கோடு போட்டுக்கிடட்டுமா?”

“பென்சில்ல போடுங்க மாமா” என்றாள்.