எங்க வூட்டு ஏரி

ஏரி மீன் ஏலம் கேட்கச் சேரிக்காரனுக்குச் சட்டப்படி தடை எதுவும் இல்லை. கேட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். செங்கல்பட்டுப் பக்கத்திலிருக்கிற எங்கள் கிராமத்தில் 2003இல் அப்பா கேட்டார். கூட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, வட்டிக்கு வாங்கின பணத்தை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு போனார். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் சிரித்துக்கொண்டே கேட்டாராம்: "மீனத் திங்கத் தெரியும், வளக்கத் தெரியுமாடா உங்களுக்கு?"

அடுத்த இருபது நாள் சேரியில் ஒருத்தருக்கும் கழனி வேலை இல்லை. டீக்கடையில் டீ இல்லை. மளிகைக் கடையில் உப்பு இல்லை. தன்னால் சேரியே பட்டினி கிடக்கிறதே என்று அப்பாவே போய், இனி ஏலம் கேட்க மாட்டேன் என்று கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

எங்களுக்கு ஏரி என்றால் கடைசிச் சேறுதான். குத்தகைக்காரன் வலை போட்டு அரித்துக்கொண்டு போன பிறகு, கோடையில் இறங்கித் தடவலாம். குரவையும் கெளுத்தியும் ரெண்டு மூணு ஜிலேபியும் கிடைக்கும். கெளுத்தி முள் குத்தின தழும்பு அம்மாவின் கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது.

அப்பா 2019இல் செத்துப்போனார். "வளக்கத் தெரியுமாடா" என்ற கேள்வி மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

2024 தையில் இயக்கத் தோழர் ஒருத்தர் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து அக்குவாபோனிக்ஸ் என்று ஒன்றைப் பற்றிச் சொன்னார். ஒரே தண்ணியில் மீனும் கீரையும். மீன் தொட்டித் தண்ணியை மோட்டார் ஜல்லிப் படுக்கைக்கு ஏற்றும். செடி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மிச்சத் தண்ணி திரும்பத் தொட்டிக்கே வரும். "மண்ணே வேணாம் தோழர், நம்ம ஜனங்களுக்கு ரொம்பப் பொருத்தம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நமக்கு மண் இல்லாமல் போனது நாம் வேண்டாமென்று சொன்னதாலா? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரெமென்கீர் 1891இல் அறிக்கை எழுதி, 1892இல் அரசாணை வந்து, பஞ்சமி நிலம் என்று சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கினதாகச் சொல்லப்படுகிறதே, அது எங்கே போச்சு? அதைக் கேட்டதற்காக 1994இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். மண் இல்லாத விவசாயத்தை நிலத்துக்கு மாற்றாக எவன் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதை அவரிடமும் சொன்னேன். ஆனாலும் அந்தத் தொட்டி என் மண்டையை விட்டுப் போகவில்லை. காரணம் நிலமில்லை, அப்பா.

எங்களுடையது மூணு சென்ட் இலவசப் பட்டா. வீடு போகப் பின்னால் பத்தடிக்குப் பன்னிரண்டடி. காயலான் கடையில் 300 லிட்டர் பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றும் நீல டிரம் ஒன்றும் வாங்கினேன். டிரம்மை நீளவாக்கில் பிளந்து தொட்டிக்கு மேலே கட்டையில் உட்காரவைத்து, முக்கால் இஞ்சு கருங்கல் ஜல்லி கொட்டினோம். ஜல்லியில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், தண்ணியின் காரத்தன்மையை ஏற்றிவிடும், ஆகாது. ஏர்கூலரில் போடுகிற சின்ன மோட்டார் ஒன்று. 18 வாட், ராப்பகலாக ஓடினாலும் மாதம் 13 யூனிட்தான். எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய் ஆச்சு.

தண்ணி பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணி. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிதண்ணித் தொட்டியில் மலம் கிடந்த சேதி கேட்டதிலிருந்து, அம்மா மோந்து பார்க்காமல் குடத்தில் பிடிப்பதில்லை. இதையும் மோந்து பார்த்தார். பிளீச்சிங் பவுடர் வாடை போகட்டுமென்று ரெண்டு நாள் திறந்து வைத்தோம். மூணாவது நாள் முப்பது ரோகு குஞ்சு வாங்கி விட்டேன். பார்க்கிறபோதெல்லாம் தீனி போட்டேன்.

எட்டாவது நாள் காலையில் முப்பதும் மிதந்தன.

அம்மா ஒவ்வொன்றாக அள்ளி முறத்தில் போட்டார். "ஏண்டி, பதினேழு வருசம் படிச்சியே, ஒரு குஞ்சு பொழைக்கலியேடி" என்றார். ஊர்ப் பெரியவர் சொன்னது பலித்துவிட்டதோ என்று எனக்கு அழுகை வந்தது. ரெண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். தொல்காப்பியத்துக்கு உரை தேடின மாதிரி அம்மோனியாவுக்குத் தேடினேன். விசயம் இதுதான். மீனின் கழிவும் அது தின்னாமல் விட்ட தீனியும் தண்ணியில் அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அதுதான் செடிக்குச் சோறு. இந்தப் பாக்டீரியாக்கள் ஜல்லியில் ஒட்டிக் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அவை வருவதற்கு முன்னாலேயே மீனை விட்டதுதான் நான் செய்த கொலை.

ஆக, அந்தத் தொட்டியின் உயிரே கழிவை வேலையாக்குகிற கண்ணுக்குத் தெரியாத கூட்டத்திடம் இருக்கிறது. ரொம்பச் சுத்தம் பார்த்து ஜல்லியைப் பிளீச்சிங் போட்டுக் கழுவினால் அந்தக் கூட்டம் செத்துப்போகும். பின்னாலேயே மீனும் சாகும். இதைப் படித்தபோது யார் யார் ஞாபகமெல்லாம் வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரெண்டாவது தடவை அவசரப்படவில்லை. மீன் தலை ஒன்றைத் துணியில் கட்டித் தண்ணியில் தொங்கவிட்டேன். அது அழுகித்தான் அம்மோனியா வர வேண்டும். பக்கத்து வீட்டு அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டினார். வண்ண மீன் கடையில் விற்கிற சொட்டு மருந்தை விட்டுத் தினமும் பார்த்தேன். அம்மோனியா இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். முப்பத்தேழாவது நாள் மஞ்சளாகவே நின்றது. நைட்ரைட்டும் இல்லை.

இந்தத் தடவை குஞ்சு வாங்கவில்லை. அம்மா மதகு வாய்க்காலில் முந்தானை விரித்து இருபத்திரண்டு ஜிலேபிக் குஞ்சு பிடித்து வந்தார். "வாய்க்காலுக்கு எவனும் ஏலம் வுடல" என்றார்.

சித்திரையில் ஒரு ராத்திரி கரண்ட் போச்சு. மோட்டார் நின்றால் தண்ணியில் காற்றுக் கலக்காது. கொஞ்ச நேரத்தில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அம்மா செம்பை எடுத்து, தொட்டித் தண்ணியை மொண்டு தலைக்கு மேல் தூக்கித் தொட்டியிலேயே ஊற்ற ஆரம்பித்தார். கரண்ட் வர ரெண்டரை மணி நேரம். நானும் அம்மாவும் மாற்றி மாற்றி ஊற்றினோம். "கை வலிக்குதும்மா" என்றேன்.

"ஊர்ல தண்ணி கேட்டா இப்பிடித்தாண்டி மேலேருந்து ஊத்துவாளுங்க. செம்பு எங்க கையில பட்ருமாம். பாதி வாய்க்குப் போவும், பாதி மொழங்கையில வழியும். ஒரு நாளும் வயிறு ரொம்பக் குடிச்சதில்ல" என்றார் அம்மா. சொல்லிவிட்டு இன்னும் உயரமாகத் தூக்கி ஊற்றினார். காலையில் ஒரு மீனும் சாகவில்லை.

பாலக்கும் புதினாவும் நன்றாக வந்தன. தக்காளிக் கொழுந்து வெளுத்தது. மீன் தீனியில் இரும்புச் சத்து போதாதாம், தனியாக விட வேண்டியிருந்தது. மிஞ்சின கீரையை அம்மா ஊர்ப்பக்கம் கொண்டுபோனார். "மீன் பேண்ட தண்ணியில வெளஞ்ச கீரையா? வேணாம்மா" என்றாளாம் ஒருத்தி. சாதியைச் சொல்ல வெட்கப்பட்டு மீன் பீயைச் சொல்கிறாள். அம்மா விடவில்லை. "ஏரி மீன ஆசையாத் துன்றியே, அது எந்தக் கக்கூஸ்ல போய்ப் பேண்டுது?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆறு மாசத்தில் பத்தொன்பது மீன் பிடித்தோம். ஒன்று நூறு, நூற்றைம்பது கிராம். எல்லாம் சேர்த்து ரெண்டேகால் கிலோ. 5,200 ரூபாய்க்கு இது என்ன கணக்கு என்று கேட்டால் பதில் இல்லை. வாரத்துக்கு ரெண்டு கட்டுக் கீரை மிச்சம். இதனால் எவன் வறுமையும் தீராது. திட்டம் போட்டு விற்க வருகிறவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

அன்றைக்குக் குழம்பு வைத்து அப்பா படத்துக்கு முன்னால் ஒரு தட்டு வைத்தார் அம்மா. ஒன்றும் பேசவில்லை.

திட்டின அத்தை வீட்டில் இப்போது ஒரு தொட்டி இருக்கிறது. எதிர் வரிசையில் இன்னொன்று. ஜிலேபி எங்கள் தொட்டியிலேயே குஞ்சு பொரித்துவிட்டது, முட்டையைத் தாய் வாயிலேயே வைத்துக் காக்கும். குஞ்சோடு கூட எங்கள் ஜல்லியிலிருந்து ரெண்டு கூடை அள்ளிக் கொடுத்தோம். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். பழைய ஜல்லி போனால் பாக்டீரியாவும் கூடப் போகும், அவர்கள் என்னைப்போல ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம்.

தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாயந்திரம் பேச்செல்லாம். அப்படிப் பேசும்போது ஏரி ஏலப் பேச்சு வந்தது. மீன் வளர்க்கத் தெரியாது என்பதை அன்றைக்கு ஒரு சாக்காகத்தான் சொன்னார்கள். இன்றைக்குத் தெரியும் என்று நாம் போய் நின்றால் வேறு சாக்கு வரும். அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இந்தத் தடவை ஏலத்துக்கு ஏழு பேர் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். வேலையை நிறுத்தினால் இருபது நாளைக்குத் தாங்குகிற மாதிரி வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஏழு பேரில் அம்மாவும் ஒருத்தர். அவர்தான் முதலில் பேர் கொடுத்தார்.