கேட்டறியும் பணி

கணிப்பொறிக்கும் தமிழாசிரியர்க்கும் என்ன உறவு என்றே நாமும் எண்ணியிருந்தோம். நம் மாணவி ஒருத்தியின் உதவித்தொகை நின்றபோது அவ்வெண்ணம் மாறிற்று. கணிப்பொறிப் படிவம் குடும்பப்பெயரைக் கட்டாயமாகக் கேட்டது. நம்மவர்க்கு அஃது ஏது? எழுத்தர் பெயரின் ஈற்றிலிருந்த 'பீவி'யைப் பிரித்து அங்கே இட்டார். சான்றிதழோடு பெயர் பொருந்தவில்லை என விண்ணப்பம் திரும்பியது. நிரலில் பிழையே இல்லையாம்! நம் பெயர்வழக்கை எவரிடமும் கேளாது படிவத்தை வகுத்ததன்றோ பிழை?

அதைக் கேட்டறிந்து, நிரலர்க்கு ஐயமற எழுதித் தருபவரே முறைமைப் பகுப்பாய்வாளர். இத்துறையின் முன்னோடி, இங்கிலாந்தின் டேவிட் காமினர். தேநீர்க்கடைகள் பல நடத்திய லயன்ஸ் நிறுவனம், 1951ஆம் ஆண்டிலேயே லியோ என்னும் தன் சொந்தக் கணிப்பொறியில் வணிகக் கணக்கிட்டது. கடைதோறும் நாள்தோறும் வேண்டும் பண்டங்களை முழுமையாகப் பதிவதெனில் எத்துணை உழைப்பு! காமினர் குழுவினர் கடைகளின் நடைமுறையை ஆராய்ந்தனர். கடைக்கொரு நிலையான பட்டியல் அமைத்தனர்; கடை மேலாளர் தொலைபேசியில் அன்றைய மாற்றங்களை மட்டும் சொல்வார்; கேட்பவர் அவற்றை அட்டையில் துளையிடுவார். பொறியை விரைவுபடுத்தியதன்று, வேலையைப் புரிந்துகொண்டதே அங்கு வெற்றி.

பிறர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டலும் பொருள் மயங்காது எழுதுதலும் தமிழ் வகுப்பிலும் பயிலத்தக்கவையே. நம் மாணவர் இத்துறையை அயலாக எண்ண வேண்டா.

மாணவியின் தொகை ஏழு திங்கள் கழித்து வந்தது. அதற்குள் அவள் தந்தையார் கடன் வாங்கியிருந்தார்.