நகல்தான், விற்பனைக்கு

பழைய கார்களுக்குப் புதிய மவுசு. டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில், தன் வண்டி அசல் இல்லை என்று எழுதிவைத்து விற்கிறார் ஒரு முன்னாள் தொழிலாளி.

ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய ராயல் ஓக் என்ற சிறுநகரம். உட்வர்ட் அவென்யூவில் கார்கள் ஊர்கின்றன. நடந்து போகிறவர்கள் அவற்றைச் சுலபமாக முந்துகிறார்கள். மஸ்டாங், கமாரோ, சார்ஜர் என்று பெரும்பாலும் 1960களின் வண்டிகள். நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு தாத்தா, மகன், பேரன் என மூன்று தலைமுறை வேடிக்கை பார்க்கிறது. காற்றில் பெட்ரோல் நெடி.

கடை ஒன்றின் முன்னால் கருநீலத்தில் ஒரு 1964 போன்டியாக் நிற்கிறது. பம்பரில் முகம் பார்த்துத் தலை வாரலாம். கண்ணாடியில் ஒரு அட்டை: 'விற்பனைக்கு. 42,000 டாலர். ஜி.டி.ஓ. க்ளோன்.' அந்தக் கடைசிச் சொல் என்னை நிறுத்தியது. க்ளோன் என்றால் நகல். தன் சரக்கு போலி என்று விளம்பரம் செய்யும் வியாபாரியை நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு வயது எழுபதுக்கு மேல். போன்டியாக் நகரின் ஆலையில் 30 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏன் விற்கிறீர்கள் என்றதும் இடது முழங்காலைத் தட்டிக் காட்டினார். "இது இனிமேல் கிளட்சை மிதிக்காது. பென்ஷன் வீட்டு வரிக்கும் மருந்துக்கும் சரியாகப் போகிறது. வண்டி சும்மா நின்றால் யாருக்கு லாபம்?"

அவர் கதைக்குப் போகுமுன் இந்தச் சாலையின் கதை. டெட்ராய்ட் ஆற்றங்கரையில் தொடங்கி போன்டியாக் நகரம்வரை 43 கிலோமீட்டர் நீள்கிறது உட்வர்ட். 1909இல் இதில்தான் ஒரு மைல் நீளத்துக்குக் கான்கிரீட் போட்டுப் பார்த்தார்கள். வழியில் ஹைலேண்ட் பார்க். ஹென்றி ஃபோர்டு 1913இல் நகரும் அசெம்பிளி வரிசையை ஓடவிட்ட தொழிற்சாலை அங்கே இன்னும் நிற்கிறது. காலையில் பஸ்ஸில் அதைக் கடந்துதான் வந்தேன். உலகத்துக்குக் கார் கொடுத்த அந்த ஊரில், மின்கட்டண பாக்கிக்காக 2011இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

டெட்ராய்ட் மட்டும் என்ன? 1950இல் அங்கே 18.5 லட்சம் பேர். 2020 கணக்கெடுப்பில் 6.4 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 1967 கலவரத்தில் 43 பேர் மாண்டார்கள். அதற்கு முன்பே தொடங்கியிருந்த வெள்ளையரின் வெளியேற்றம் வேகம் பிடித்தது. 2013இல் நகராட்சியே திவாலானது. நகரின் வடக்கு எல்லை எட்டாவது மைல் சாலை. 1995இல் தொடங்கிய இந்தக் கார் ஊர்வலத்தின் பாதை அந்த எல்லைக்கு அப்பால், ஃபெர்ன்டேலில் ஆரம்பித்து வடக்கே போகிறது. டெட்ராய்ட்டின் பெருமையைக் கொண்டாடும் விழா, டெட்ராய்ட்டுக்கு முதுகைக் காட்டியபடிதான் நடக்கிறது.

இங்கே ஓடும் 'மஸில் கார்'களின் ஆரம்பமும் கொஞ்சம் தில்லுமுல்லுதான். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜின் வைக்கக் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகத்தின் விதி. போன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் சகாக்களும் அதில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். புது மாடல் என்று சொன்னால்தானே விதி? டெம்பஸ்ட் லெமான்ஸ் என்ற சாதுவான குடும்பக் காருக்கு, வேண்டியவர்கள் 295 டாலர் கூடக் கொடுத்து வாங்கிக்கொள்ளும் உபரி அம்சமாக 389 கன அங்குல (6.4 லிட்டர்) என்ஜினை நுழைத்தார்கள். 325 குதிரை சக்தி. மூன்று கார்புரேட்டர் கேட்டால் 348. ஐயாயிரம் விற்றால் போதும் என்றிருந்தவர்கள் முதல் வருடமே 32,450 விற்றார்கள். ஆலைத் தொழிலாளியின் மகன் தவணையில் வாங்கக்கூடிய விலை. ராத்திரி உட்வர்டில், ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல்வரை பந்தயம்.

பெயரும் இரவல். ஜி.டி.ஓ. என்பது ஃபெராரியின் பந்தயக் காருக்குச் சொந்தமான எழுத்துகள். பந்தயத்துக்கு முறைப்படி அங்கீகாரம் பெற்றது என்று இத்தாலிய மொழியில் பொருள். போன்டியாக் அப்படி எந்த அங்கீகாரமும் பெறவில்லை. 1964இல் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை இரண்டையும் ஒப்பிட்டு எழுதியதில் போன்டியாக்கின் புகழ் உச்சிக்குப் போனது. பத்திரிகையின் சோதனைக்குக் கொடுத்த வண்டியில் 389க்குப் பதிலாக அதைவிடப் பெரிய 421 கன அங்குல என்ஜினை ஒளித்துவைத்திருந்ததாக, விளம்பரப் பொறுப்பிலிருந்த ஜிம் வாங்கர்ஸ் பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டார்.

இப்படிப் பிறந்த வண்டிக்குத்தான் இன்று அசலா நகலா என்ற விசாரணை. அதில் ஒரு சிக்கல். 1964, 65 வருட வண்டிகளின் அடையாள எண்ணில் லெமான்ஸ் என்றுதான் தெரியும்; ஜி.டி.ஓ.வா இல்லையா என்பது தெரியாது. 1966இல்தான் அது தனி மாடலானது. ஆகவே பழைய வண்டி அசல் என்று நிரூபிக்க ஆலையின் பில் நகல் வேண்டும். பழைய ஆவணங்களைத் தேடி, கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்புவதற்கென்றே போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது.

இவரும் எழுதிக் கேட்டிருக்கிறார். பதிலாக வந்த தாளை நெகிழி உறையில் போட்டு வைத்திருக்கிறார். லெமான்ஸ், 326 என்ஜின் என்கிறது தாள். 389 என்ஜின், மூன்று கார்புரேட்டர், கியர் கம்பி எல்லாம் இவர் வாங்கிப் பூட்டியவை. 11 வருட வேலை. மிச்சிகனின் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு தரைத் தகட்டைத் தின்றுவிட்டிருந்தது; வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தார். (டெட்ராய்ட்டுக்கு அடியில் 1,100 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. மேலே கார் செய்கிறார்கள், கீழே அதை அரிக்கும் உப்பை வெட்டுகிறார்கள்.)

"தாளில் ஜி.டி.ஓ. என்று இருந்திருந்தால் இரண்டு மடங்கு கேட்பேன்" என்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே வந்தார் ஒரு தரகர். கதவு இடுக்கில் விரலை ஓட்டிப் பார்த்தார், திருப்தி. அட்டையிலிருந்து அந்த ஒரு சொல்லை எடுத்துவிடச் சொன்னார். "பொய் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். கேட்கிறவனுக்குத் தாளைக் காட்டுங்கள்." அதுவும் பிடிக்கவில்லை என்றால் 'டிரிப்யூட்', அதாவது காணிக்கை என்று போடலாமாம். இந்தச் சந்தையில் நகலுக்கு அதுதான் மரியாதைச் சொல். கிழவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அட்டையைத் தொடவில்லை.

எனக்கும் இதில் கொஞ்சம் சம்பந்தம் உண்டு. தமிழ் முதுகலையில் மூலபாடம் எது, இடைச்செருகல் எது என்று தேடப் பழக்கினார்கள். பிறகு பிழைப்புக்கு மொழிபெயர்ப்பு. இன்னொருவர் எழுதியதை உடைத்து, அதே உறுமலோடு வேறு மொழியில் ஓடவைக்கும் வேலை. மொழிபெயர்ப்பு என்று அட்டையில் போட்டால் புத்தகம் விற்காது என்று சொன்ன பதிப்பாளரிடம் ஒருமுறை நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது நினைவுக்கு வந்தது.

ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டேன். "ஆலையில் கடைசிப் பன்னிரண்டு வருடம் நான் பரிசோதகர். வண்டியைப் பார்த்து, சீட்டில் என் முத்திரையைக் குத்தி அனுப்புவேன். அந்த ஆலை இப்போது இல்லை. போன்டியாக் என்ற கார் இல்லை." ஜெனரல் மோட்டார்ஸ் திவாலான 2009இல் அந்தப் பெயரைக் கைவிட முடிவுசெய்தார்கள், 2010இல் முடிந்தது. "முத்திரை மட்டும்தான் மிச்சம். அதைத் தப்பாகக் குத்தச் சொல்கிறார்."

மதியத்துக்குள் நான்கு பேர் ஆர்வமாக வந்து, தாளைப் படித்துவிட்டுப் போனார்கள். ஒரு சிறுவன் சத்தம் கேட்க வேண்டும் என்றான். கிழவர் வலது காலால் மிதித்தார். முதலில் நடுக் கார்புரேட்டர், பிறகு மற்ற இரண்டும் திறந்தன. பக்கத்துக் கடையின் கண்ணாடி அதிர்ந்தது. சிறுவன் தாளைக் கேட்கவில்லை.

மாலையில் விடைபெறப் போனபோது அட்டை மாறியிருந்தது. விலை அதேதான். 'க்ளோன்' என்ற சொல் மட்டும் இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது. "எழுத்து சிறிது போலிருக்கிறது" என்றார் அவர். "கவனிக்காமல் வந்து விலை கேட்கிறார்கள்."