எருமைப்பால் மணந்த துணி

முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே வேலூரிலிருந்து காளஹஸ்திக்கு, பாட்டி வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். 1960-களின் நடுப்பகுதி. காளஹஸ்தி என்றால் எல்லோருக்கும் வாயுலிங்கம் நினைவுக்கு வரும். எனக்கு வருவது எருமைப்பால் வாடை.

பக்கத்து வீட்டுத் தாத்தா துணியில் கலம்காரிச் சித்திரம் எழுதுபவர். கடுக்காயை அரைத்து எருமைப்பாலில் கலந்து, காடாத்துணியை அதில் முக்கிப் பிழிந்து காயப்போடுவார். பாலின் கொழுப்பு ஏறினால்தான் மை ஊறிப் பரவாமல் போட்ட கோட்டிலேயே நிற்குமாம். பிழிவதற்கு மறுமுனையைப் பிடிக்கும் வேலை எனக்கு. கையைத் தேய்த்துக் கழுவாமல் பாட்டி என்னை அடுக்களைக்குள் விடமாட்டாள்.

கொல்லையில் ஒரு பானை. துருப்பிடித்த ஆணியும் லாடமும் வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கும். அதற்குக் கசிமி என்று பெயர். எட்டிப் பார்த்தால் வெறும் பழுப்புத் தண்ணீர். அதையே கலம் என்கிற மூங்கில் எழுதுகோலில் தொட்டுக் கடுக்காய்த் துணியில் இழுத்தால், கண்ணெதிரே கன்னங்கரேலென்று கோடாகிவிடும். கலத்தின் நுனிக்குச் சற்று மேலே நூல் சுற்றிய உருண்டை ஒன்று இருக்கும். அதை விரலால் அழுத்த அழுத்த மை இறங்கும். ஒரே மூச்சில் ராமனின் வில்லை வளைத்து முடித்துவிட்டுத்தான் தாத்தா தலைநிமிர்வார்.

சாயம் ஏற்றிய துணியை ஸ்வர்ணமுகி ஆற்றில் அலச வேண்டும். ஓடுகிற தண்ணீர்தான் ஆகும். தேங்கிய நீரில் கழிவுச் சாயம் திரும்பவும் துணியில் படிந்துவிடும். கணுக்கால் தண்ணீரில் நின்று நானும் ஓரத்தைப் பிடித்திருக்கிறேன்.

மின்சாரம் போன ஓர் இரவு, எழுதி முடித்த ராமாயணத் துணியைத் திண்ணைச் சுவரில் மாட்டி, அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்து, பிரம்பால் கட்டம் கட்டமாகத் தொட்டுக் காட்டித் தெலுங்கில் பாடிக் கதை சொன்னார் தாத்தா. முன்பெல்லாம் கோயில்களில் இப்படித்தான் என்றார். அன்றுதான் எனக்குப் புரிந்தது, அது சுவரில் தொங்கும் படம் மட்டுமல்ல, ஒரு கூத்து மேடையும்கூட என்று.

‘கமலாதேவி அம்மா’ என்று அவர் அடிக்கடி சொல்வார். யாரோ சொந்தக்காரர் என்று நினைத்திருந்தேன். கல்லூரிக்குப் போன பிறகுதான் அது கமலாதேவி சட்டோபாத்யாய் என்று தெரிந்தது. 1903-இல் மங்களூரில் பிறந்து, சிறுவயதிலேயே கணவனை இழந்தவர். மறுமணம் செய்துகொண்டு, ஊர்ப்பேச்சை மீறி நாடக மேடை ஏறியவர். 1930-இல் பம்பாய் உப்புச் சத்தியாக்கிரகத்தில் முன்னின்று சிறை சென்றவர். விடுதலைக்குப் பின் பதவியைத் தேடிப் போகாமல் தறியையும் குயவர் சக்கரத்தையும் தேடிப் போனார். 1952-இல் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் தலைவரானார். காளஹஸ்தியில் கலம் பிடிக்க முதியவர்கள் சிலரே மிஞ்சியிருந்த காலத்தில், 1957-இல் வாரியத்தின் முயற்சியால் அங்கே பயிற்சிக்கூடம் அமைந்தது. தாத்தாவின் திண்ணைக்கு இளைஞர்கள் வந்து உட்கார்ந்ததும் அதன் பிறகுதான்.

பொம்மலாட்டம், நாட்டார் கூத்து, நாடகம் ஆகியவற்றையும் கமலாதேவி இதே அக்கறையோடு தூக்கி நிறுத்தினார். பாரதிய நாட்டிய சங்கத்தைத் தொடங்கினார். சங்கீத நாடக அகாதமியை வழிநடத்தினார். அவருக்குக் கைவேலையும் கூத்தும் இரண்டாகத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். திண்ணையில் விளக்கொளியில் அந்தத் துணியைப் பார்த்த எனக்கும் அப்படித்தான். கலையைப் புகழ்ந்தவர்கள் ஏராளம். கலைஞனுக்கு வேலையும் அவனுக்குப் பின்னால் ஒரு மாணவனும் வேண்டும் என்று அலைந்தவர் அவர். அந்த அலைச்சலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்று கடைகளில் ‘கலம்காரி’ என்று குவிந்திருப்பவற்றில் பெரும்பகுதி இயந்திரத்தில் அச்சடித்தது. வாங்குமுன் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பால் வாடை லேசாக வந்தால், அதை எழுதியவர் யார் என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள்.