பொந்தும் வெடிப்பும்

சித்திரை 12, ராஜபாளையம்

தெருக்கதவைக் கழற்றித் திண்ணையில் கிடத்தியாயிற்று. தேக்கைக் கரையான் தொடாது என்பார்கள். வைரத்தைத் தொடாது, வெளிறைத் தொடும். கீழ்ச்சட்டத்தில் வெளிறு இருந்த மூலையை உள்ளங்கை அகலத்துக்குக் குடைந்துவிட்டது. நடுப்பலகையில் நெடுக ஒரு வெடிப்பும் உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆசாரி இரண்டையும் தடவிப் பார்த்தார். "பொந்துக்கு எபாக்சி போடுவோம் அண்ணாச்சி. வெடிப்புக்கு வேண்டாம். அது மழைக்கும் வெயிலுக்கும் அசையும்."

சித்திரை 13

விடிந்ததும் வேலை. பகல் வெயிலில் எபாக்சி கலக்கக் கூடாது. அதன் இரு பாகங்களான ரெசினும் ஹார்டனரும் சேர்ந்தால் தாமே சூடாகும். வெயிலும் கூடினால் டம்ளரிலேயே கட்டியாகிப் புகையும். பத்து டிகிரி ஏறினால் கையில் இருக்கும் நேரம் பாதியாகிவிடும். கலந்ததும் தட்டையான தட்டில் ஊற்றிவிட்டால் சூடு கலைந்து கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டிப் போடும் பழக்கம் ஃபைபர் வேலையிலிருந்து வந்தது. அங்கே ஊற்றுவது பாலியெஸ்டர். அதற்குச் சேர்ப்பது வினையை முடுக்கிவிடும் மருந்து, கொஞ்சம் முன்பின் இருக்கலாம். எபாக்சியில் ஹார்டனர் வினையில் சேரும் பங்காளி. அளவு பிசகினால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும்.

ஆசாரி இற்ற மரத்தை உளியால் நோண்டி எடுத்தார். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டென்று தின்னரால் துடைத்தார். முதலில் வெறும் எபாக்சியைத் தடவி மரம் குடிக்க விட்டார். பிறகுதான் சலித்த மரத்தூளைக் குழைத்து அப்பினார், ஒரேயடியாக அல்ல, அடுக்கடுக்காக. தேக்குத் தூள் எபாக்சியில் கருக்கும் என்பதால் மேலடுக்கில் மட்டும் கொஞ்சம் டால்க் கலந்தார். டால்க் தேய்க்கவும் எளிது.

1930-களில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டான் எபாக்சியை ஆராய்ந்தது பல்செட் செய்வதற்காக. பிறகு சீபா நிறுவனம் 1946-இல் அரால்டைட் என்று பசையாக விற்றது. பல்லுக்குத் தேடியது கதவுச் சொத்தையை அடைக்க வந்திருக்கிறது.

வெடிப்பில் அதே தேக்கிலிருந்து மெல்லிய பட்டை சீவி, ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகால் தொட்டு இறக்கினார். மறுபக்கம் சும்மா நிற்கிறது.

ஆடிப்பூரம், ஸ்ரீவில்லிபுத்தூர்

ஆண்டாள் தேர் பார்க்கப் போனேன். கூட்டம் சக்கரத்தைப் பார்க்க, நான் சட்டங்களின் மூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடவே வந்த ஆசாரிக்குச் சிரிப்பு. தேருக்கு இலுப்பை, வேங்கை, தேக்கு என்பது தமிழ்நாட்டு வழக்கம். துளையும் நாக்குமாகக் கோத்து, முளையடித்து, இரும்புப் பட்டை போட்டு நிறுத்துவார்கள். நகரும்போது மூட்டெல்லாம் முனகும், முனகினால்தான் உடையாது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அது நல்ல மாற்றம். ஆனால் தேர்மூட்டில் எபாக்சி ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன். நாளை ஒரு சட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் எப்படிக் கழற்றுவது?

ஐப்பசி 9, ராஜபாளையம்

அடைமழை. கதவு உப்பி, நிலையில் இறுக்கமாக உட்காருகிறது. பட்டை வைத்த வெடிப்பு மூடிக்கொண்டது. பொந்தில் போட்டது அப்படியே நிற்கிறது.

அடுத்த தெருவில் ஒரு வீட்டில் போன வருஷக் கோடையில் வெடிப்பு முழுக்க எபாக்சி நிரப்பினார்கள். கோடையில் வெடிப்பு அகன்று கிடக்கும். மழையில் பலகை உப்பியபோது அந்தக் கல் போன்ற பூச்சு விட்டுக்கொடுக்கவில்லை, மரம் நசுங்கியது. இந்தக் கோடையில் பலகை வற்ற, பூச்சுக்குப் பக்கத்திலேயே புது வெடிப்பு.

வீட்டில் முயல்கிறவர்களுக்கு: கையுறை இல்லாமல் தொடாதீர்கள், ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்தால் பிறகு எப்போதும் வரும். கையில் பட்டால் தின்னரால் துடைக்காமல் சோப்பால் கழுவுங்கள். தெருப்பக்கம் வெயில் படும் இடத்தில் மேலே வார்னிஷ் அவசியம், இல்லையென்றால் எபாக்சி மஞ்சளாகிச் சுண்ணாம்பாய் உதிரும்.