தராசைத் திறந்து பார்த்தால்

பருத்திப்பட்டில், ஆவடி–பூந்தமல்லி சாலையை ஒட்டிய ஒரு தராசு ரிப்பேர் கடையில் தொழில் பழகுகிறேன். மளிகைக்கடை, கறிக்கடை, காயலான் கடை என்று எல்லா இடத்துத் தராசும் எங்கள் மேசைக்கு வரும். நிறை என்றால் என்ன, எடை என்றால் என்ன என்பது பள்ளிக்கூடத்தில் மனப்பாடமாக இருந்தது. அது கைக்குப் பிடிபட்டது இந்த மேசையில்தான்.

எலக்ட்ரானிக் தராசின் தட்டை எடுத்துவிட்டால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. நடுவில் ஒரு அலுமினியக் கட்டை. அதுதான் லோடு செல். அதன் ஒரு முனை அடித்தட்டில் முடுக்கியிருக்கும், மறுமுனை மேல்தட்டைத் தாங்கும். நடுவே துளையிட்டு மெலிதாக்கிய இடத்தில், வெள்ளைப் பசைக்கு அடியில், மெல்லிய உலோகப் பட்டைகள் ஒட்டியிருக்கும். பாரம் ஏறினால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், பட்டைகளின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் போர்டு கிலோவாக்கிக் காட்டுகிறது.

"விரலை வச்சு அமுக்கு" என்றார் மாஸ்டர். டிஸ்பிளேயில் இரண்டு கிலோவுக்கு மேல் ஓடியது.

"தட்டுல என்னடா சரக்கு இருக்கு?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"அப்போ ரெண்டு கிலோ எங்கேருந்து வந்துச்சு?"

இந்தக் கேள்வியை ஒவ்வொரு ஆறாம் வகுப்புப் பிள்ளையிடமும் கேட்க வேண்டும் என்பேன். தராசுக்குப் பொருள் தெரியாது, அழுத்தம்தான் தெரியும். அரிசி மூட்டையில் எவ்வளவு அரிசி இருக்கிறதோ அது நிறை. அந்த மூட்டையைப் பூமி கீழே இழுக்கிற விசை எடை. ஒரு கிலோ கல்லைப் பூமி ஏறக்குறைய 9.8 நியூட்டன் விசையால் இழுக்கிறது. நிலாவில் அந்த இழுப்பு ஆறில் ஒரு பங்குதான். கல்லோ அதே கல்தான்.

அதற்காக நிலா வரை போக வேண்டியதே இல்லை. பூமியின் இழுப்பு ஊருக்கு ஊர் மாறும். நிலநடுக்கோட்டுப் பக்கம் குறைவு, வடக்கே போகப் போக அதிகம், மலை ஏறினால் மறுபடி குறையும். டெல்லியில் சரிபார்த்த தராசை அப்படியே பருத்திப்பட்டில் வைத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் குறைத்துக் காட்டும். 25 கிலோ அரிசிக்கு இருபது கிராமுக்கு மேல்! நகைக்கடைத் தராசு என்றால் சொல்லவே வேண்டாம். அதனால்தான் தராசை அது நிற்கப் போகும் இடத்திலேயே, குமிழ் நடுவில் வரும்படி மட்டம் பார்த்து, சான்று பெற்ற எடைக்கல்லை ஏற்றி, 'இதுதான் ஐந்து கிலோ' என்று போர்டுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கேலிப்ரேஷன் என்பது இவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் அரசு முத்திரை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

இந்த இழுப்பை நம் ஊரிலேயே அளந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 1821இல் மதராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசலை ஆட்டிவிட்டு, ஒரு வினாடிக்கு ஓர் அசைவு போகும் ஊசல் இங்கே எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். லண்டனில் தேவைப்பட்டதைவிட அங்குலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே இழுப்பு குறைவு என்பதற்கு அதுவே சாட்சி. அந்த வானாய்வகம் இருந்த இடம் நுங்கம்பாக்கம்.

பழைய தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு தட்டில் கல், மறு தட்டில் சரக்கு. இரண்டையும் ஒரே பூமி ஒரே அளவில் இழுக்கிறது. ஊட்டிக்குப் போனாலும் நிலாவுக்கே போனாலும் முள் நடுவில்தான் நிற்கும். அது நிறையை நிறையோடு ஒப்பிடுகிறது. காயலான் கடைக்குப் போகிற தட்டுத் தராசைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது. ஒன்றை வாங்கித் துடைத்து, கத்திமுனையைத் தீட்டிக் கடையில் தொங்கவிட்டிருக்கிறேன்.

எங்கள் எடைக்கல் சரி என்று யார் சொல்வது? அதை அரசுக் கல்லோடு ஒப்பிடுவார்கள், அந்தக் கல்லை அதற்கு மேலுள்ள கல்லோடு. அந்த வரிசையின் உச்சியில் இருந்தது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உள்ள பிளாட்டினம்–இரிடியக் கிலோ, எண் 57. 2019 மே 20 முதல் உலகம் முழுக்கக் கிலோவை எந்த உலோகத் துண்டையும் நம்பாமல், பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணைக் கொண்டு வரையறுக்கிறார்கள். ஆனாலும் கடைக்கு வருகிற தராசுக்கு இன்றும் கல்தான். அதை வெறுங்கையால் தொட மாஸ்டர் விடமாட்டார். விரல் எண்ணெய் ஒட்டினால் நிறை ஏறிவிடும், துணி சுற்றித்தான் எடுக்க வேண்டும்.