பகடை இல்லாத போர்

போர் விளையாட்டு என்றால் பகடை உருள வேண்டும், அல்லது செல்போன் திரையில் குண்டு வெடிக்க வேண்டும். ‘டிப்ளமசி’யில் இரண்டுமே கிடையாது. ஓர் ஐரோப்பிய வரைபடம், சுற்றிலும் ஏழு பேர். ஆயுதம், பேச்சுதான்!

அமெரிக்கரான ஆலன் கால்ஹாமர் 1954-ல் உருவாக்கிய ஆட்டம் இது. கம்பெனிகள் கைவிரித்துவிட, 1959-ல் சொந்தச் செலவில் 500 பெட்டிகள் தயாரித்து விற்றார். பின்னாளில் அவர் பார்த்தது தபால்காரர் வேலை. அவருடைய ஆட்டத்தையும் 1963 முதல் பலர் தபாலிலேயே ஆடினார்கள். இப்போது இணையத்தில் ஆடுகிறார்கள்.

ஆட்டம் 1901-ல் தொடங்கும். ரஷ்யாவுக்கு நான்கு படைகள், மற்ற ஆறு நாடுகளுக்கும் மும்மூன்று. எல்லாப் படைக்கும் ஒரே பலம். ஒன்றுக்கு ஒன்று மோதினால் யாரும் நகர முடியாது. முன்னேற, இன்னொரு படையின் ஆதரவு வேண்டும். மொத்தம் 34 மையங்களில் 18-ஐப் பிடித்தால் வெற்றி. மூன்று படையோடு தனி ஆளாக அங்கே போய்ச் சேர முடியாது. ஆகவே, பக்கத்து நாட்டுக்காரரிடம் பேசியே ஆக வேண்டும்.

ஆனால், பேசியது எதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது. எல்லோரும் உத்தரவை ரகசியமாக எழுதுவார்கள். ஒரே நேரத்தில் பிரிப்பார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர் யார், முதுகில் குத்தியவர் யார் என்பது அப்போதுதான் தெரியும்.

ஆஸ்திரியாவின் டிரியஸ்டேயும் இத்தாலியின் வெனிஸும் ஒட்டிய சுவர். யார் முதலில் சுவரேறிக் குதித்தாலும் கையில் ஒரு மையம் கிடைக்கலாம். ஆனால், இவர்கள் அடித்துக்கொள்ளும் நேரத்தில் ரஷ்யாவும் துருக்கியும் கொல்லைப்புறமாக வந்துவிடும். அனுபவசாலிகள் ‘வெனிஸ் படை அங்கேயே நிற்கட்டும்’ என்று சின்னதாக ஒரு வாக்குறுதி கேட்பார்கள். அது நடந்ததா என்று அடுத்த நகர்விலேயே பார்த்துவிடலாம். அப்படித்தான் நம்பிக்கை வளரும். புதியவர்களோ ஆறு பேருக்கும் ஆறு விதமாக வாக்குக் கொடுப்பார்கள். அதில் இருவர் பேசிக்கொண்டால் போதும், குட்டு உடைந்துவிடும்.

2022-ல் மெட்டா நிறுவனம் ‘சிசரோ’ என்ற கணினி நிரலை இந்த ஆட்டத்தில் இறக்கியது. 40 ஆட்டங்கள் ஆடி, ஒன்றுக்கு மேல் ஆடியவர்களில் முதல் 10 சதவிகிதத்துக்குள் வந்தது. தான் போட்டிருக்கும் திட்டத்தை ஒட்டியே அது பேச வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு. நயமாகப் பொய் சொல்வதைவிட, எதிராளிக்கு என்ன தேவை என்று புரிந்துகொள்வதே இங்கே பெரிய வித்தை.

முதுகில் குத்துவது விதிமீறல் இல்லை. ஆனால், குத்துப்பட்டவர் அதோடு காணாமல் போய்விடுவதில்லை. நாடெல்லாம் இழந்து ஒற்றைப் படையோடு மூலையில் நிற்பார். பதினேழு மையங்களைப் பிடித்தவர் கடைசி ஒன்றுக்காகத் தவிக்கையில், அந்த ஒற்றைப் படையின் ஆதரவு எந்தப் பக்கம் என்பதே முடிவை மாற்றிவிடும். தோற்றவரிடம் அதுவரை எப்படிப் பேசினோம் என்பதற்கான கணக்கு, அங்கேதான் தீர்க்கப்படும்.